பனியில் பார்த்த நான்கு சங்கங்கள்

ஐயா, முதலில் ஆளுக்கொரு பிளேன்டி குடிப்போம். வாக்குமூலம் எங்கும் ஓடிவிடாது. தேயிலைத் தொழிற்சாலையைக் காவல் காக்கும் ரோதமுனி சாமி மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

நான் அழகுமுத்து, நகர சபை வேனுக்குச் சாரதி. வருடா வருடம் சமூக சேவைச் சங்கங்களுக்குச் சபை மானியம் தரும். யாருக்குத் தருவது என்று முடிவு செய்ய, தலைவர் கஜேந்திரனும் உறுப்பினர் மனோரஞ்சிதம் அம்மாவும் நேரில் போய்ப் பார்ப்பார்கள். கண்ணால் கண்டதற்குத் தருவார்கள், காணாததற்கு இல்லை. இதைவிட நியாயமான முறை உண்டா?

இந்த முறை விண்ணப்பித்தவை ஐந்து சங்கங்கள். நான்கு என்னுடையவை. ஐந்தாவது வேலாயியுடையது. பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட, கீழ் லயத்துத் தோட்ட வரிசை வீடுகளில் தனியே கிடக்கும் கிழடுகளுக்கு அவள் சோறாக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். எழ முடியாதவர்களுக்கு ஊட்டியும் விடுவாள். என் அக்கா அம்மாக்கண்ணுவும் அந்தச் சட்டிச் சோற்றில்தான் இருந்தாள். எனக்கு அது பெரிய ஒத்தாசை.

நான்கு சங்கத்துக்கும் சேர்த்து என்னிடம் ஒரே ஒரு மண்டபம்தான் இருந்தது. நல்லவேளையாக அன்று பனிமூட்டம். சாதாரணப் பனியல்ல, வெளியே நீட்டிய கை திரும்பி வருமா என்று யோசிக்க வைக்கும் பனி. தலைவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், பனி கண்ணைக் கூசுகிறதாம். மனோரஞ்சிதம் அம்மா குடை விரித்திருந்தார். நான் நண்பகலில் முன்விளக்கைப் போட்டு ஓட்டினேன்.

முதலில் அநாதைப் பிள்ளைகள் இல்லம். என் பேரப்பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். அவர்களைப் பெற்ற என் மகன் விஜேந்திரன் பின்னால் வடை சுட்டுக்கொண்டிருந்தான். தலைவரையும் அம்மாவையும் வேனில் ஏற்றி, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே வாசலில் நிறுத்தினேன். பெயர்ப்பலகை மாறியிருந்தது. மருமகள் சுலக்ஷனா வெள்ளைச் சேலையில் நின்றாள். விதவைகள் மறுவாழ்வுச் சங்கம். மூன்றாவது மாதர் தையல் நிலையம். நான்காவது முதியோர் பராமரிப்புச் சங்கம். அதற்குப் பிள்ளைகளின் தலையில் பவுடர் கொட்டியிருந்தோம்.

அங்கே தட்டில் ஒரு கடித்த வடை இருந்தது. முதல் இல்லத்தில் தலைவர் கடித்து வைத்தது. எடுத்து மிச்சத்தைத் தின்றார்.

"டிரைவர் அண்ணே, எந்தச் சங்கத்துக்குப் போனாலும் வடை ஒரே ருசியா இருக்கே?"

"எல்லாம் சேவை மனசோட சுடுறதுங்க."

"அந்தப் பாட்டிமாருக பல்லப் பாத்தீங்களா? என்ன வரிசை!" என்றார் மனோரஞ்சிதம் அம்மா.

கடைசியாகக் கீழ் லயம். பாதை சரியில்லை என்று மேலேயே நிறுத்திவிட்டேன். வேலாயி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஐயா, ஒரு எட்டு எறங்கி வந்து பாருங்க. படுத்த படுக்கையா இருக்காங்க. இனி கடையில அரிசி குடுக்க மாட்டாங்களாம். நீங்க குடுக்கலேன்னா அடுப்பு அணைஞ்சிருங்க."

"எங்கம்மா லயம்? ஒரே பனியா இருக்கே" என்றார் தலைவர்.

"அந்தா தெரியுதேங்க, துணி காயுதே!"

"ஒண்ணுந் தெரியலியே. தெரியாத ஒண்ணுக்கு மக்கள் பணத்தத் தூக்கிக் குடுக்கலாமாம்மா? நீயே சொல்லு."

வேலாயி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் முன்விளக்கை இன்னும் பிரகாசமாக்கினேன்.

சபை ஏகமனதாக நான்கு சங்கங்களுக்கும் மானியம் ஒதுக்கியது. மண்டபத்துக்கு ஓடு மாற்றினேன். வேலாயியின் அடுப்பு அணைந்தது.

அக்கா எப்போதுமே கொஞ்சமாகச் சாப்பிடுகிறவள். மழைக்காலம் தொடங்கியபோது அதையும் விட்டுவிட்டாள். நான் போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் நான்கு சங்கத்துக்குச் செயலாளராக இருப்பவனுக்கு நேரம் ஏது? கடைசியில் வேலாயிதான் கதவை உடைத்தாள். அருகில் வெறும் சட்டி கிடந்ததாம், உள்ளே சுரண்டிய தடம் இருந்ததாம். அவள் எதையும் கூட்டித்தான் சொல்வாள். எங்கள் முதியோர் பராமரிப்புச் சங்கம் பெரிய மலர்வளையம் வைத்தது. தலைவர் உருக்கமாகப் பேசினார். அக்காவுக்குப் பிறகு அதே லயத்தில் இன்னும் சிலர் போனார்கள். அவர்களுக்கும் வளையம் வைத்தோம், பாகுபாடு காட்டவில்லை.

வேலாயி உங்களிடம் சொன்னது சரிதான். அந்தக் கிழடுகளைப் பட்டினி போட்டுக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தலைவர் மேலும் அம்மா மேலும் பழி போடாதீர்கள். சூதுவாது தெரியாத மனிதர்கள். அந்தப் பனியில் அவர்களால் எதைத்தான் பார்த்திருக்க முடியும்?

வேறொன்றும் இல்லை ஐயா. அன்று விடிந்ததிலிருந்து அடையும்வரை சுள்ளென்று வெயில்.