மூன்று தரம் அளந்த தலை

மயிலாப்பூர் குளத்தோரம் தி.நகர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு மாமிகள். காப்பிப்பொடிப் பொட்டலம் வைத்திருந்தவள் எடுத்த எடுப்பில் சொன்னாள்:

"எங்காத்துக்காரர் மண்டையை என் பிள்ளை இடுக்கி போட்டு அளந்துட்டான்."

குடை வைத்திருந்தவள் திரும்பினாள். "எதுக்குடி?"

"யூனிவர்சிட்டியில ஆந்த்ரபாலஜியும் ஹிஸ்டரியும் சேர்த்துன்னா படிக்கறான்! ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பாங்க் பரீட்சை எழுதறதுகள். இது மண்டை அளக்கறது."

"ஹிஸ்டரி வேறயா?"

"அது அதுக்கு மேல. எங்க வம்சத்துக்கு ராஜா கிராமமே எழுதிக் கொடுத்தார்னு இவர் பெருமை அடிச்சுப்பாரோல்லியோ? செப்பேடு எங்கேப்பான்னு கேக்கறான். இருந்தாத்தானே!"

"கஷ்டம்."

"இன்னும் கேளு. பாத்திரம் தேய்க்கற முனியம்மாவையும் உக்காத்தி வச்சு அளந்தான். ரெண்டு மண்டையும் ஒரே அளவாம். நோட்டுல பக்கத்துப் பக்கத்துல எழுதி வச்சிருக்கான். இவர் ரெண்டு நாளா அவனோட பேசலை."

"இவர் தலை எங்கே, அவ தலை எங்கே! தப்பா அளந்திருப்பான்."

"அப்படித்தான் இவரும் சொன்னார். மூணு தரம் அளக்க வச்சார். மூணு தரமும் அதேதான்."

"முனியம்மா தலைகால் புரியாம குதிச்சிருப்பாளே?"

பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தபடி காப்பிப்பொடி மாமி திரும்பினாள்.

"அவளா? முகம் தொங்கிப் போச்சு. 'இன்னாம்மா, ஐயா தல அம்மாம் சின்னதா?'ன்னு கேட்டுட்டுப் பாத்திரம் தேய்க்கப் போயிட்டா."