வராத பாம்பு

மூடிய கொஞ்சம் தளர்த்தி விடு தம்பி. அந்தச் சிலந்தி உன்னைய ஒண்ணும் பண்ணிடாது, நீதான் அத ஜாம் பாட்டில்ல அடைச்சுக் கொன்னுடுவ போலிருக்கு. கொண்டா, பாப்போம். அட, இதுவா! இதவிடப் பெருசு ஒண்ணு எங்க வீட்டுச் சமையக்கட்டுல, கடிகாரத்துக்குப் பின்னாடி வருஷக்கணக்கா குடும்பம் நடத்துது. வாடகை மட்டும் தர்றதில்ல.

கைய காட்டு. லேசா சிவந்திருக்கு, அவ்வளவுதான். ஐஸ் வச்சா அடங்கிடும். டாக்டரும் அதத்தான் சொல்லுவாங்க. ஆனா ஆஸ்பத்திரிக்கு வந்தது நல்லது, வந்தவன் காட்டிட்டே போ. குளிக்கற இடத்துல துண்டுக்குள்ள இருந்துச்சா? உனக்கு முன்னாடி அது அங்க குடியிருந்திருக்கும், நீ போயி அது மேல தலைய துவட்டினா அதுவும் என்னதான் பண்ணும்.

ஜெர்மனியா? அதானே பாத்தேன், மூக்கு மட்டும் இப்படி வெந்துபோயிருக்கே. பேரு? தில்மான். நல்ல பேரு. நான் நெவ். ஏரிக்கரையில, சுத்திப் பாக்க வர்றவங்க வண்டியோட வந்து தங்கற கேரவன் பார்க் ஒண்ணு இருக்கில்ல, போர்டுல கோணலா ஒரு மீன் வரைஞ்சிருக்கும், அது நம்மளுதுதான். நானும் என் வீட்டுக்காரியும் நடத்தறோம். மீன் அவ வரைஞ்சது. முதலையான்னு கேப்பாங்க எல்லாரும்.

அவளுக்குத்தான் முடியல. உள்ள படுத்திருக்கா. காலையில கொஞ்சம்... கொஞ்சமென்ன, செத்துப் பொழைச்சா. இப்ப பரவால்ல. சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கணுமாம், அடங்கின மாதிரி இருந்துட்டு சில பேருக்கு மறுபடியும் வருமாம். மெஷின் மாட்டி வச்சிருக்காங்க. நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன். இங்கருந்தே பாத்துக்கறேன்.

பாம்பான்னு கேக்கறியே! எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. அந்த வாசல்ல உக்காந்திருக்கற பெரியம்மாகூட கேட்டுச்சு. இல்லப்பா. நீ இந்த நாட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி என்னென்ன படம் பாத்துட்டு வந்த, சொல்லு. பாம்பு, சிலந்தி, சுறா, முதலை. எல்லாரும் ஒரே படத்தத்தான் பாத்துட்டு வர்றீங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா பார்க்குல பார்பிக்யூ போடுவோம். புதுசா வந்தவங்களெல்லாம் தட்டோட வந்து சுத்தி உக்காருவாங்க. அப்ப நான் எழுந்து நின்னு பேசுவேன். எது கொல்லும், எது கொல்லாதுன்னு. நம்ம பார்க்குக்கே அது ஒரு பேரு. முதலைய பத்திச் சொல்லுவேன்: தண்ணிக்கிட்டப் போகாதீங்க, ஒரே இடத்துல தினமும் மீன் கழுவாதீங்க, அவரு உங்க பழக்கத்தப் படிச்சுட்டுத்தான் மேல வருவாரு. மதிச்சா பயமில்ல. காசோவரியா? அந்தப் பெரிய பறவைக்கு உங்க வாழைப்பழம் வேணும், நீங்க வேணாம். கொடுத்துப் பழக்காதீங்க. பாம்பு கடிச்சு இந்தத் தேசம் மொத்தத்துக்கும் வருஷத்துக்கு ரெண்டு மூணு பேரு சாகறாங்க, அதுலயும் பாதிப்பேரு அத அடிக்கப் போனவங்க, இல்லாட்டி பீரு குடிச்சுட்டுக் கையில புடிச்சவங்க. சிலந்தி கடிச்சு யாரும் செத்து எத்தனையோ காலமாச்சு. குதிரையும் மாடும் அதவிட நிறையப் பேரக் கொல்லுது, அதுங்களப் பாத்து யாராச்சும் கத்தறீங்களான்னு கேப்பேன். எல்லாரும் சிரிப்பாங்க. ராத்திரி ரோட்டுல குறுக்க பாயற கங்காரு, பகல்ல இந்த வெயிலு, இதுதான் உங்க எமன், தொப்பி போடுங்கம்பேன்.

கடைசியில ஒண்ணு சொல்லுவேன். பாம்புக்குப் பயந்து கட்டையால தட்டிக்கிட்டே நடப்பீங்க, ஆனா ஒரு தேனீ உங்க பீர் டப்பாவுல உக்காந்திருக்கும். பாம்பவிட தேனீதான் அதிகம் பேரக் கொல்லுதுன்னு சொல்லுவேன். அப்ப யாராச்சும் ஒருத்தர் டப்பாவ எட்டிப் பாப்பாங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. கிளெனிஸ் சிரிக்க மாட்டா. சாலட் கிண்ணத்த வச்சுக்கிட்டு அங்கயே நிப்பா, இந்த மனுஷன் எப்படா முடிப்பான்னு.

கிளெனிஸ்தான் என் வீட்டுக்காரி. ஆமா, தேனீதான் கொட்டிருச்சு.

அவளுக்கு ஆகாது. முன்னாடி ஒரு தடவ துணி காயப்போடறப்ப முழங்கையில கொட்டி, முகமெல்லாம் வீங்கி, அப்பவே டாக்டரு சொல்லிட்டாரு, அடுத்த தடவ இதவிட மோசமா இருக்கும், பேனா மாதிரி ஒரு ஊசி இருக்கு, அது எப்பவும் கூடவே இருக்கணும்னு. தொடையில குத்தினா போதும், உயிரு தப்பிச்சிரும். எங்க பொண்ணு கெய்லீன் டவுன்ஸ்வில்ல மருந்துக் கடையில இருக்கா. வருஷா வருஷம் தேதி பாத்து அவதான் புது ஊசி அனுப்புவா. கிளெனிஸ் சாவிய மறப்பா, கண்ணாடிய மறப்பா, என் பிறந்தநாளக்கூட ஒரு தடவ மறந்தா. அந்த ஊசிய மட்டும்...

சரி, அத விடு. நீ எதாச்சும் சாப்பிட்டியா? அந்த மெஷின்ல சிப்ஸ் இருக்கு, ஆனா காச முழுங்கிடும்.

காலையில அருவிப் பக்கம் நடக்கப் போனோம். பார்க்குல ஆள் கம்மி, ரொம்ப நாளாச்சே, போவோம்னு நேத்து காலையிலயே சொன்னா. பாதி வழியில விழுந்து கெடந்த ஒரு மரம். உக்காந்து டீ குடிக்கலாம்னா. பிளாஸ்க்கு என்கிட்ட இருந்துச்சு, ஊத்திக்கிட்டிருக்கேன். மரத்துக்குள்ள பொந்து இருந்திருக்கு, காட்டுத் தேனீ. நாங்க பாக்கல. இவ சட்டுனு கழுத்துல கைய வச்சா. ஒண்ணுதான். இல்ல, ரெண்டு. எழுந்து ஓடி வந்துட்டோம், கொஞ்சதூரந்தான் வந்திருப்போம், அவ நின்னுட்டா. உதடு தடிச்சுப் போச்சு. குரல் எங்கயோ கிணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி வருது. பைய திறந்தா. முன்பக்க ஜிப்புல கைய விட்டா, அங்கதான் வைப்பா எப்பவும். உள்ள தடவறா, தடவறா. வெளிய எடுத்தா பாம்புக்கடிக் கட்டு, பாம்பு கடிச்சா இறுக்கிச் சுத்தற துணிச் சுருள். இன்னொண்ணு எடுத்தா, அதுவும் கட்டு.

என் மூஞ்சியப் பாத்தா தம்பி. நெவ், நான் ஊசிய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன் போலிருக்கேன்னா.

மறந்துட்டா. என்ன பண்றது. மறந்துதான் போச்சு.

நான் என்ன பண்ணேன்னு கேக்கறியா? சொன்னா சிரிப்ப. அந்தக் கட்ட வாங்கிப் பிரிச்சேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அத எப்படிச் சுத்தறதுன்னு காட்டிக் காட்டிப் பழகின கை இது, அது பாட்டுக்குப் பிரிக்க ஆரம்பிச்சுது. கழுத்துல கொட்டினதுக்கு எங்கடா சுத்துவ? அப்புறம் தூக்கி எறிஞ்சுட்டு அவள முதுகுல போட்டுக்கிட்டு ஓடினேன். இந்த வயசுல. வண்டி நிறுத்தற இடத்துல ஒரு குடும்பம் வந்து இறங்கிக்கிட்டிருந்தாங்க. நான் போட்ட கூச்சல்ல அந்தம்மா என்ன ஏதுன்னுகூட கேக்கல. அவங்க பையனுக்கு வேர்க்கடலை ஆகாதாம், அதுக்குன்னு வச்சிருந்த ஊசிய எடுத்து இவ தொடையில குத்திட்டாங்க. அவங்க மட்டும் பத்து நிமிஷம் தாமதமா கிளம்பியிருந்தா... அந்தம்மா பேரக்கூட கேக்கல நான்.

கட்டா? எந்தக் கட்டு?

ஓ. அது... பைக்குள்ள எப்படி வந்துச்சுன்னா...

நல்லா கேக்கற தம்பி நீ. இவ்வளவு நேரம் யாருக்கும் தோணல. டாக்டருக்கும் தோணல.

போன வாரம் பார்க்குல ஒருத்தரு அருவிப் பாதையில பழுப்புப் பாம்பு பாத்தேன்னாரு. அவ்வளவுதான், ரெண்டு நாளு அங்க வேற பேச்சே இல்ல. என் கை தண்டி இருந்துச்சு, தொடை தண்டி இருந்துச்சுன்னு. நான்தான் எல்லாருக்கும் தைரியம் சொன்னேன். சொல்லிட்டு, மறுநாள் டவுனுக்குப் போயி நல்ல கட்டா மூணு வாங்கினேன். புதுசு, அதுல சின்னச் சின்னக் கட்டம் அச்சடிச்சிருக்கும், சரியான இறுக்கத்துல இழுத்தா நீளக் கட்டமெல்லாம் சதுரமாகும். அருமையான சரக்கு. நேத்து மத்தியானம் அவ பையில வைக்கப் போனேன். என் பையில ஏற்கெனவே பிளாஸ்க்கு. அவளோடது சின்னப் பை. முன்பக்க ஜிப்புல ரெண்டு நுழையுது, மூணாவது போகல, அந்த ஊசி டப்பா இடிக்குது. டப்பாவ எடுத்துச் சமையக்கட்டுல கெட்டில் பக்கத்துல வச்சேன். கட்டெல்லாம் வச்சுட்டு வேற ஜிப்புல போட்டுடலாம்னுதான் வச்சேன். சத்தியமா. அப்ப ஒருத்தன் வந்து பாத்ரூம்ல தண்ணி அடைச்சுக்கிச்சுன்னான். போயிட்டேன்.

அது இன்னும் அங்கதான் இருக்கும். கெட்டில் பக்கத்துல.

தேனீ அதிகமா கொல்லும்னு எனக்குத் தெரியாதா? ஊருக்கே சொல்றவன் நான். எண்ணிக்கை எல்லாம் வாய்க்குத்தான் தெரிஞ்சிருக்கு தம்பி. கைக்குத் தெரியல. கைக்கு இன்னும் பாம்புதான் பயம். உன்னைய மாதிரிதான் நானும், உனக்காவது ஊரு புதுசு.

அவ பைய தடவறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த நிமிஷமே. வாய் வரல. உயிரு போற நேரத்துல என்ன விளக்கம்னு நினைச்சேன். சரி, ஊசி போட்டாச்சு, மூச்சு வந்துருச்சு, அப்பவாவது சொல்லலாம்ல? இங்க கட்டில்ல படுக்க வச்சு, முகத்துல அந்தக் காத்துக் குழாய மாட்டியிருக்கு, அத விலக்கிட்டு என் கையப் புடிச்சுக்கிட்டா. மன்னிச்சுக்க நெவ், புத்தியில்லாம வச்சுட்டு வந்துட்டேன், உன்னைய எப்படி ஓட வச்சுட்டேன் பாருன்னு அழறா. எனக்கு மறதி வர ஆரம்பிச்சிருச்சோன்னு கேக்கறா. அவங்கம்மாவுக்குக் கடைசியில அப்படித்தான் ஆச்சு, யாரையும் அடையாளம் தெரியாம. அந்தப் பயம் அவளுக்கு எப்பவும் உண்டு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பரவால்ல, விடு கண்ணு, நான் ஒண்ணும் நினைச்சுக்கலன்னு சொன்னேன். மன்னிச்சேன் தம்பி. நான், அவள.

அதான் உள்ள போக முடியல. நர்ஸம்மா ரெண்டு தடவ வந்து கூப்பிட்டாச்சு, அவங்க உங்களத்தான் கேக்கறாங்கன்னு. போனா மறுபடியும் மன்னிப்புக் கேப்பா. இங்க உக்காந்து உன்கிட்ட முதலைக் கதை பேசிக்கிட்டிருக்கேன். வெக்கங்கெட்டவன்.

இல்ல, சொல்லிடுவேன். சொல்லித்தான் ஆகணும். மறதி வியாதின்னு அவ நினைச்சுக்கிட்டே மிச்ச காலத்தக் கழிக்கணுமா? கெய்லீன் வந்துக்கிட்டிருக்கா, போன்லயே கத்தினா, அம்மா எப்படி ஊசி இல்லாம போனான்னு. ஒரு ஊசியக்கூட எடுத்துட்டுப் போகத் தெரியாதான்னு. அவ வந்ததும் முதல்ல அவகிட்டச் சொல்லிடறேன், அப்புறம் ரெண்டு பேருமா உள்ள போறோம். நீ கொஞ்சம் இரு தம்பி. உன்னையக் கூப்பிட்டாலும் அடுத்த ஆள விட்டுட்டு இரு. உண்மை தெரிஞ்ச ஒருத்தன் பக்கத்துல உக்காந்திருந்தா மாத்திப் பேச வாய் வராது பாரு.

அதோ, அந்த வெள்ளை வண்டி. அவதான். எப்படி நிறுத்தறா பாரு, ரெண்டு வண்டி நிக்கற இடத்த அடைச்சுக்கிட்டு. இரு, எழுந்துக்கறேன்.

வாம்மா. வா, வா. ஒண்ணுமில்ல, அழாத. நல்லாயிருக்கா. டீ கேட்டாளாம். ஆமா, மூச்செல்லாம் சீரா வருது. இவரா? இவரு தில்மான், ஜெர்மனி. சும்மா பேசிக்கிட்டிருந்தோம்.

ஊசியா? ம். இல்லம்மா, பையில இல்ல.

அது... கெய்லீன், நான் ஒண்ணு சொல்லணும். உக்காரு. இல்ல, உள்ள போறதுக்கு முன்னாடி. என்னன்னா...

அம்மாவத் திட்டாத. வயசாகுதுல்ல அவளுக்கும். மறந்துட்டா.