தேயிலைப் புதருக்குள் உட்கார்ந்திருந்தவர் குறித்து

என் பெயர் ரஞ்சனி. தகப்பனார் பெயர் ராஜரத்தினம். வயது இருபத்து மூன்று. குன்னூர் அருகே தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பெற்றோருடன் வசிக்கிறேன். நேற்று காவல் நிலையத்தில் ஐயா விசாரித்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். உங்கள் வேலைகளுக்கு நடுவே இதையும் படிக்க வைப்பதற்கு மன்னிக்க வேண்டும்.

நான் சமூகப் பணியில் பட்டம் பெற்று, ஒரு தொண்டு நிறுவனத்தில் வகுப்பு எடுக்கிறேன். பேச்சு வராதவள் எப்படி வகுப்பு எடுக்கிறாள் என்று ஏட்டையா கேட்டார். படம் வரைந்து காட்டி எடுக்கிறேன். மனநோய் வரக்கூடிய வாய்ப்பு சற்று அதிகம் என்று மருத்துவர் கருதும் இளைஞர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் அந்த வகுப்பு. வாய்ப்பு என்பது நோய் அல்ல, நோய் வராமலே போகிறவர்கள்தான் அதிகம், நன்றாகத் தூங்க வேண்டும், கஞ்சா கூடாது என்று சொல்வோம். யாரோ நம்மைப் பார்ப்பது போலத் தோன்றினால் தனியாக முடிவுக்கு வராமல், நம்பிக்கையான இரண்டு பேரை அழைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதும் பாடம். வீட்டாரிடம், தூக்கம், சாப்பாட்டில் மாற்றம் தெரிகிறதா என்று கவனியுங்கள், ஆனால் துருவித் துருவிக் கேட்காதீர்கள் என்போம்.

வெற்றிச்செல்வன் இந்த வகுப்புக்கு வருகிறவர். அவரைப் பற்றி எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அவருடைய தாய்மாமன் அழகர்சாமியும் ஒருமுறை வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். அவர் எஸ்டேட் வாட்ச்சர். விறகு திருடுகிறவர்களைப் புதருக்குள் ஒளிந்திருந்து பிடிப்பவர்.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை நான் வெற்றியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய தாயார் ராக்கம்மா தேநீர் கொடுத்தார். அதன் பிறகு வெற்றி உள்ளே வந்து, "அக்கா, பொதருக்குள்ள இன்னிக்கும் ஆள் இருக்குதுங்க. ரெண்டு பேரு வந்து பாருங்க" என்றார். குரல் நிதானமாக இருந்தது. நான்தான் தேநீரைச் சிந்திவிட்டேன். அவருக்கு நோய் தொடங்கிவிட்டதோ என்று நினைத்தேன்.

அதன் பிறகு நானும் ராக்கம்மாவும் வெளியே போனோம். பக்கத்து வீட்டு மருதாம்பாள் யாரும் அழைக்காமலே மாட்டுக் கழுநீர் வாளியுடன் வந்தார். புதருக்குள் கறுப்புக் கம்பளி ஒன்று அசைந்தது. "ஏ ராக்கு, கரடிடீ" என்று சொல்லி மருதாம்பாள் வாளியோடு கழுநீரை எறிந்தார். கரடி எழுந்து, "நாந்தானுங்க, நாந்தானுங்க" என்று ஓடி, வழுக்கிக் கால்வாயில் விழுந்தது. பார்த்தால் அழகர்சாமி. இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"இங்க என்ன மாமா பண்றீங்க?" என்று வெற்றி கேட்டார்.

"உன்னயத்தான் கவனிக்கறேன். கேள்வி கேக்கக் கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சில்ல."

"கேக்காதேன்னா பொதருக்குள்ள உக்காரச் சொல்லுச்சா?" என்றார் மருதாம்பாள்.

அழகர்சாமி என்னைப் பார்த்தார். நான் அவருடைய தாடியைப் பார்த்தேன். அதில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. தினமும் மாலையில் அங்கேதான் இருந்தாராம்.

மறுநாள் எஸ்டேட் ஆபீஸ் தந்த புகாரில், மனநிலை சரியில்லாத இளைஞர் வாட்ச்சரைத் தாக்கியதாக இருக்கிறது. வாளியை எறிந்தவர் மருதாம்பாள். அதை அவரே லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெற்றி மாமாவைக் கால்வாயிலிருந்து தூக்கிவிட்டார், வேறெதுவும் செய்யவில்லை. அவருக்கு அடுத்த வாரம் அருவங்காடு தொழிற்சாலையில் பயிற்சி வேலைக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது. புகாரில் உள்ள 'மனநிலை சரியில்லாத' என்ற அந்தச் சொல் அவருக்கு முன்னால் அங்கே போய்விடக் கூடாது.

மேலே எழுதியவை நான் கண்ணால் பார்த்தவை, காதால் கேட்டவை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கேட்கத் தயங்கிக் கடைசிக்கு வைத்த ஒன்று உண்டு. அன்று கிளம்பும்போது வெற்றி என்னிடம், "அக்கா, அப்ப நான் பாத்தது நெசந்தானுங்களே?" என்று நான்கு முறை கேட்டார். நானும் நான்கு முறை ஆமாம் என்றேன். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைக்கிறார். எனவே, அந்தச் சொல்லை நீக்குவதோடு, புதருக்குள் ஆள் இருந்தது உண்மை என்று ஒரு வரி எழுதி, நிலைய முத்திரை வைத்து அவர் கையில் தர வேண்டுகிறேன்.

(ஒப்பம்)
ரா. ரஞ்சனி