மாதா கெபி நிக்கிற முட்டுச்சந்து

அடுத்த சந்து செலின்தான் மொதல்ல சொன்னா, போன திங்கக்கெழம, மேல ரோட்டுக் கொழாயடியில. அக்கா, மெயின்லேண்டுலருந்து ஒரு ஆபீசர் வந்திருக்காரு, நம்ம ஜங்லிகாட்டுச் சந்துகள எல்லாம் எண்ணுதாரு, சந்தும் சந்தும் சேர்ற எடத்துல செவப்புப் பொட்டு வைக்காரு, வழி முட்டி நிக்கிற எடத்துல கறுப்புப் பொட்டு வைக்காருன்னு. எனக்குச் சிரிப்பு. பொட்டு வைக்கவா ஒரு மனுசன நாலு நாள் கப்பல்ல வாந்தியெடுக்க விட்டாங்கன்னு கேட்டேன். இப்பப் பாத்தா நெசமாவே கையில ரெண்டு பென்சிலோட நிக்கிய. ஸ்டூல்ல ஒக்காருங்க தம்பி. டீ கொதிக்கட்டும். பால் பவுடர்தான், பரவால்லயா?

இல்ல, எம் மவன் இல்ல. அக்கரைக்கு, பாம்பூஃப்ளாட்டுக்கு வேலையாப் போயிருக்கான், அஞ்சு மணி ஃபெர்ரிலதான் வருவான். இருதயநாதன்னு பேரு. காலையில போவும்போதே சொல்லிட்டுத்தான் போனான். யம்மா, அந்த ஆளு வந்தா இங்கன வழியே இருந்ததில்லன்னு சொல்லிரு, வேற வாயத் தொறக்காத, வழி இருந்துச்சுன்னு எழுதிட்டாம்னா நம்ம பின் ரூம இடிச்சிருவாங்கன்னு. அந்த ரூம்லதான் அவனும் மருமவளும் ரெண்டு புள்ளையளும் படுக்காவ. அதான் இங்கன வழி இருந்துச்சான்னு நீங்க கேட்டதும் டீ போட வந்துட்டேன். கோவிச்சுக்கிடாதிய.

அந்தத் தாளக் கொஞ்சம் காட்டுங்க. அஞ்சாங் கிளாஸ் படிச்சவதான், எழுத்துக் கூட்டுவேன். இதுவா எங்க வீடு? தீப்பெட்டி கணக்கால்ல இருக்கு. பொட்டே வைக்கலியே இன்னும். சரி, செவப்பு ஜாஸ்தின்னா ஊரு ஒண்ணோட ஒண்ணு சேந்து வளந்திருக்குன்னு அர்த்தம், கறுப்பு ஜாஸ்தின்னா சும்மா பரவிக்கிட்டே போயிருக்குன்னு அர்த்தம். அப்படித்தானே?

அப்ப கறுப்புப் பென்சில நல்லாச் சீவி வச்சுக்கிடுங்க. நாங்க தூத்துக்குடிப் பக்கத்துலருந்து அம்பத்தாறுல இந்தத் தீவுக்கு வந்தோம். அப்ப இது வெறும் மேடும் காடும். வந்தவங்க வந்த எடத்துல மரத்த வெட்டி வீட்டப் போட்டாங்க, அவனவன் வாசல்லருந்து ரோட்டுக்கு ஒரு பாதய வெட்டிக்கிட்டான். அடுத்தவன் பாதையோட சேக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல. இப்ப மேட்டுக்கு அந்தப் பக்கமும் அதே மாதிரி போயிக்கிட்டே இருக்கு. சீப்பு இருக்குல்லா தம்பி, அது மாதிரி. பல்லுக்குப் பல்லு ஒட்டு கெடையாது, கைப்பிடிக்கு எறங்கி வந்துதான் அடுத்த பல்லுல ஏறணும். செலின் ஒரு கிண்ணம் மீன் கொழம்பு குடுத்து விட்டா, வந்து சேரையில ஆறிப்போயி ஆடை கெட்டியிருக்கும். வங்காளத்துக்காரம்மா ஒருத்தி அடிக்கடி வந்து எங்க வாசல்ல முட்டி நிப்பா, ரஸ்தா கஹான் ஹை, வழி எங்கன்னு கேப்பா. ரஸ்தா பந்த், வழி அடைப்புன்னு கையக் காட்டுவேன். என் இந்தி அத்தோட சரி.

கீழ அந்தத் தகரக் கூரை தெரியுதுல்லா, அது விசாலாட்சி வீடு. இங்கருந்து நேரா டேப் புடிச்சா எவ்ளோ வருது? எழுபது அடியா. நடந்து போனா? ஆயிரத்து ஐநூறு. சரியாத்தான் அளந்திருக்கிய. எனக்கு முந்தியே தெரியும். டேப் எங்க தம்பி இருக்கு எங்கிட்ட? ஜெபமாலதான், மணிக்கு ஒரு அருள் நிறைந்த மரியே, பத்து மணி சேந்தா ஒரு பத்து. எங்க பக்கத்துல தூரத்த அப்படித்தான் சொல்லுவோம், கோயிலுக்கு ரெண்டு பத்து, கடக்கரைக்கு ஒரு பத்துன்னு. வழி இருந்தப்ப விசாலாட்சி வீட்டுக்கு மூணே மூணு அருள் நிறைந்த மரியே. சுத்திப் போனா அம்பத்து மூணு மணியும் முடிஞ்சிருது. எதுக்கு அளந்தேனா? சும்மாதான். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம நடந்துட்டு வருவேன்.

ஆமா. வழி இருந்தப்பன்னுதான் சொன்னேன். வாயில வந்துருச்சு. பென்சிலக் கீழ வைங்க தம்பி, செத்த நேரம். முழுசையும் சொல்லிருதேன், பெறவு எது எழுதணுமோ எழுதுங்க.

எங்க வீட்ல அவிய, வேதநாயகம்னு பேரு, போய்ச் சேந்து மூணு வருசமாச்சு. தங்கமான மனுசந்தான், கையாலயே இந்த வீட்டக் கெட்டுனாவ. அறுபத்தொம்பதுல மருமவ வந்தா, படுக்க எடம் பத்தல. வீட்டுக்கும் பக்கத்து வேலிக்கும் நடுவுல ஆறடிச் சந்து. கீழ இருக்க பதினோரு வீடும் அதுல ஏறித்தான் மேல ரோட்டுக்கு வரும். அதுல ரூமக் கெட்டுனா ஊரு விடுமா? அதனால அவிய மொதல்ல ரூம் கெட்டல. கெபி கெட்டுனாவ, மாதாவுக்குக் குகை கணக்கா ஒரு சின்னக் கோயில். நேர்ச்சைன்னு சொல்லிப் பவளக்கல்ல அடுக்கி, மாதா சொரூபத்த நிப்பாட்டி, சாமியாரக் கூப்புட்டு மந்திரிச்சும் ஆச்சு. அதுக்கு மேல யாரு கை வைப்பா? வேதக்காரங்க, இந்துக்கள், எல்லாரும் ஒரு கும்புடப் போட்டுட்டுத் திரும்பிப் போனாங்க. விசாலாட்சி செம்பருத்தி பறிச்சுக் கொண்டாந்து வச்சா. அடுத்த மாசம் கெபிக்கு நிழலுக்குன்னு தகரம் போட்டாவ. பெறவு தகரத்துக்குச் சுவரு. பெறவு சுவருக்குள்ள கட்டில்.

நேர்ச்சையே கெடையாது தம்பி. நாங்க எதுக்கும் நேந்துக்கிடல.

அவிய எனக்கு ஒண்ணுதான் சொன்னாவ. அமுதம், பின்கதவ மட்டும் கீழ உள்ளவங்களுக்குத் தொறந்துராத. ஒருத்தர வீட்டுக்குள்ளகூடி ரோட்டுக்கு அனுப்புனா நாளைக்கி அதுவே பாத்தியதைன்னு வந்து நிப்பாங்கன்னு. நானும் தொறந்ததில்ல. சிரிச்சுப் பேசுவேன், கறிவேப்பில குடுப்பேன், எல்லாம் சன்னல் வழியாத்தான்.

மறு வருசம் ஜூலை மாசம், மொத வெள்ளி, கோயில்ல பூச உள்ள நாளு. அடமழ. விசாலாட்சி மவ சந்திரமதிக்கு ஆறு வயசு, அதுக்கு மூச்சிழுப்பு உண்டு. வரும், போயிரும். அன்னைக்கி வந்தது போவல. புருசன் வேற தீவுல டூட்டி. புள்ளயத் தோள்ல போட்டுக்கிட்டு ஏறி எங்க பின்கதவுக்கு வந்திருக்கா. கதவத் தொறந்தா அடுக்களையத் தாண்டி வாசல், வாசல்ல ரோடு, ரோட்டுல ஜீப்பு. தட்டியிருக்கா. அமுதக்கா, அமுதக்கான்னு கூப்புட்டிருக்கா. யாரும் தொறக்கலன்னதும் வழுக்கி வழுக்கி எறங்கி, சேத்துல சுத்திக்கிட்டு ஓடியிருக்கா. ஜீப்பு கெடைக்கத்தான் செஞ்சுது. ஏத்தையில புள்ள கழுத்து நிக்கலயாம், ஆஸ்பத்திரி சேரையில உசுரில்ல.

டாக்டர் யாரையும் ஒண்ணும் சொல்லல. எவ்ளோ நேரமாச்சுன்னுகூடக் கேக்கலயாம். நான் மட்டுந்தான் எண்ணிக்கிட்டுக் கெடக்கேன்.

என் மேல கோவமா? அவளுக்கா? ஐயோ, இருந்தாத் தேவலையே. வெள்ளிக்கெழம நான் போனா மொகம் மலந்துரும், ஒக்காருங்கக்கான்னு பாய விரிப்பா. அஞ்சு வருசமா ஒரே பேச்சுதான். அன்னைக்கி மொத வெள்ளி, அக்கா கோயிலுக்குப் போயிட்டாங்க, எங்க நேரம், அக்கா மட்டும் வீட்ல இருந்திருந்தாத் தொறந்திருப்பாங்கன்னு. என் கையப் புடிச்சுக்கிட்டே சொல்லுவா. வந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லுவா. நாளைக்கி நீங்க போனா உங்ககிட்டயும் சொல்லுவா.

டீ ஆறுது, குடிங்க. சீனி போதுமா?

அன்னைக்கி நான் கோயிலுக்குப் போவல தம்பி. மழையாச்சேன்னு இருந்துட்டேன். இந்தா, இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் முழங்கால்ல இருந்து ஜெபமால சொல்லிக்கிட்டிருந்தேன். அவ தட்டுனது கேட்டுச்சு. புள்ள இழுக்கிறதும் கேட்டுச்சு. இந்தப் பத்து முடியட்டும், தொறப்போம்னு நெனச்சேன். இல்ல, அதுவும் பொய்யி. தொறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். காலடிச் சத்தம் எறங்கிப் போன பெறவுதான் எந்திரிச்சேன்.

சாமியார்கிட்டயும் சொன்னதில்ல. எம் மவனுக்கும் தெரியாது. அவன் வந்து கத்துவான், கத்தட்டும். ரூம் போனா நாலு பேரும் இந்தக் கூடத்துல என்கூடப் படுத்துக்கிடட்டும்.

ஃபெர்ரி வர்றதுக்குள்ள எழுதிருங்க தம்பி. ஆறடி வழி இருந்துச்சுன்னு எழுதுங்க. சொன்னது யாருங்கிற எடத்துல அவன் பேரப் போட்டுராதிய. அமுதம்னு போடுங்க.