ஏலக்கூடத்தில் ராஜா மறைந்தது

காவல் நிலையத்தில் என்னை விசாரித்தபோது நான் சொன்னது பின்வருமாறு:

எனக்கு வயது ஐம்பத்தாறு. கணவர் காலமாகிவிட்டார். நாடகக் கொட்டகைக்குப் பின்புறம் உள்ள இரண்டு அறை வீட்டில் என் நாத்தனாருடன் குடியிருக்கிறேன். பெற்றோர் வைத்த பெயர் வேறு என்றாலும் பால் ஊற்றுகிறவர் முதல் வங்கி மேலாளர் வரை எல்லோரும் என்னை ராஜாம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரிலேயே எழுதிக்கொள்ளலாம். தொழில் என்ன என்று கேட்டதற்கு ராஜா என்று சொன்னேன். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு நாடக நடிகை, ராஜா வேடம் என்று விளக்கமாகச் சொன்னேன்.

எங்கள் நாடகக் குழு என் கணவர் தொடங்கியது. இப்போது நானும் நாத்தனாரும் நடத்துகிறோம். மந்திரி வேடம் போடுவதும் உடைகள் தைப்பதும் அவர். கொட்டகைக்காரர், விளக்குக்காரர், டிக்கெட் வாங்காமல் உள்ளே நுழைகிறவர்கள் ஆகியோருடன் சண்டை போடுவதும் அவரே. வாரக் கடைசி தோறும் நாடகம் உண்டு. இடம் கிடைக்காமல் திரும்பிப் போகிறவர்களும் உண்டு.

எங்கள் நாடகங்களில் ஒன்றில், ராஜாவைச் சிறைப்பிடிக்கப் படைத்தலைவன் ஆட்களுடன் சபைக்குள் நுழைவான், ராஜா எல்லோர் கண்முன்னாலும் சிம்மாசனத்திலிருந்து மறைந்துவிடுவார், கிரீடம் மட்டும் இருக்கையில் இருக்கும், அதன் பிறகு அவர் படைத்தலைவனின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். ஜனங்கள் அந்த ஒரு காட்சிக்காகவே வருகிறார்கள். அந்தச் சிம்மாசனத்தை என் கணவர் தன் கையாலேயே செய்தார். பழைய கட்டில்களையும் உடைந்த அலமாரி ஒன்றையும் பிரித்து அந்த மரத்தில் செய்தது. அதன் பீடம் உள்ளே வெறும் கூடு. இடது கைப்பிடிக்கு அடியில் ஒரு விசை இருக்கிறது. அதை இழுத்தால் இருக்கைப் பலகை கதவு போல் கீழே திறக்கும், உட்கார்ந்திருப்பவர் பீடத்துக்குள் இறங்கியதும் பலகை தானாக மேலே வந்து மூடிக்கொள்ளும். வெளியே வரப் பீடத்தின் பின்பக்கம் சிறு கதவு ஒன்று உண்டு. நான் இடதுகைப் பழக்கம் உள்ளவள் என்பதால் விசையை இடப்பக்கம் வைத்தார். கைப்பிடிகளின் முனையில் இரண்டு சிங்கத் தலைகள் செதுக்கினார். அதில் ஒரு சிங்கம் சிரிப்பது போல் அமைந்துவிட்டது. உளி தவறியதால் வந்த சிரிப்பு. அதைத் திருத்தட்டுமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

சிம்மாசனத்தை எடுத்துப்போன எதிரியை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்குச் சொல்கிறேன். அவர் பழைய மரச்சாமான்கள் வாங்கி விற்கிறவர். நாடகம் முடிந்து நாங்கள் வேடம் கலைத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் உள்ளே வந்தார். சிம்மாசனத்துக்குப் பாலீஷ் போட்டுத் தருகிறேன், பதிலுக்கு என் கடை விளம்பரத்துக்கு அதைப் படம் எடுத்துக்கொள்ள விட்டால் போதும் என்றார். அதனால் அவருக்குப் பாலீஷ்காரர் என்றே எங்களிடம் பெயர் ஆகிவிட்டது. நான் யோசித்தேன். அவர் என் நாத்தனார் தைத்த ராஜ உடையைத் தொட்டுப் பார்த்து, இப்படித் தையல் நான் எங்கேயும் பார்த்ததில்லை என்றார். என் நாத்தனார் உடனே சம்மதித்துவிட்டார். மறுநாளே வண்டி கொண்டுவந்து சிம்மாசனத்தை ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த நாடகத்துக்கு முன் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. அவர் கடைக்குப் போய்ப் பார்த்தோம், பூட்டியிருந்தது.

அதன் பிறகு அந்த நாடகத்தைச் சாதாரண நாற்காலி ஒன்றின் மேல் துணி போர்த்தி நடத்தினோம். மறைய வேண்டிய இடத்தில் நான் எழுந்து திரை ஓரமாக நடந்து போக வேண்டியிருந்தது. "என்ன ராஜா, பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சா?" என்று ஒருவர் கத்தினார். கொட்டகை முழுவதும் சிரித்தது. அடுத்த வாரம் பாதி இருக்கைகள் காலி. அதற்கு அடுத்த மாதம் கொட்டகையை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடலாமா என்று கொட்டகைக்காரர் கேட்டார். வழக்கமாக அந்தக் கேள்விக்கு என் நாத்தனார் அவரை வாசல் வரை விரட்டியிருப்பார். அன்று தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார். சிம்மாசனம் போனதிலிருந்து அவர் யாருடனும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு அதிகக் கவலையாக இருந்தது.

இதே நிலையத்துக்கு அப்போது வந்து புகார் சொன்னேன். பணியில் இருந்தவர், சிம்மாசனம் வாங்கிய ரசீது இருக்கிறதா என்று கேட்டார். இது வாங்கியதில்லை, வீட்டுக்காரர் செய்தது என்றேன். அப்படியென்றால் உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். இதையும் எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு, உடைக்குச் சரிகை வாங்கத் துணிக்கடைக்குப் போனபோது அங்கே சுவரில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பழங்கால மரச்சாமான்கள், அலங்காரப் பொருட்கள் ஏலம் என்று போட்டு நடுவில் பெரிதாக ஒரு படம். அரண்மனைச் சிம்மாசனம் என்று கீழே எழுதியிருந்தது. புதிதாகச் சிவப்பு வெல்வெட் போட்டிருந்தார்கள், கருப்பு அடித்திருந்தார்கள், ஆனால் ஒரு சிங்கம் சிரித்துக்கொண்டிருந்தது. கடைக்காரரிடம் கேட்டு அந்த விளம்பரத்தைக் கிழித்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் நாத்தனார் அதை வாங்கிப் பார்த்தார். "அண்ணி, பட்டுப் புடவையா கட்டிக்கோ. நாம ஏலம் எடுக்கப் போறோம்" என்றார்.

ஏலம் நடந்த அன்று காலையில் இருவரும் போனோம். பெரிய கூடம். சுவர் ஓரமாக அலமாரிகள், நிலைக்கண்ணாடிகள், பெண்டுலக் கடிகாரங்கள், பீங்கான் பொம்மைகள், பித்தளை விளக்குகள் என்று ஒவ்வொன்றிலும் எண் அட்டை கட்டி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் மரத்தைத் தட்டிப் பார்ப்பதும், இழுப்பறையை இழுத்து மோந்து பார்ப்பதுமாக இருந்தார்கள். சிம்மாசனம் மேடை நடுவில் இருந்தது. அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளச் சிலர் வரிசையில் நின்றார்கள். பாலீஷ்காரர் கோட்டு போட்டுக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. வேடம் இல்லாததால் கூடத்தில் மற்ற யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை.

ஏலம் கூறியவர் ஒரு அம்மாள். கண்டிப்பானவர். மற்ற பொருட்கள் முடிந்த பிறகு சிம்மாசனத்துக்கு வந்தார். இதில் மூன்று தலைமுறை ராஜாக்கள் உட்கார்ந்து ஆட்சி செய்திருக்கிறார்கள் என்று கையில் இருந்த குறிப்பைப் பார்த்துச் சொன்னார். ஹோட்டல் முதலாளி ஒருவரும் வேறு சிலரும் போட்டி போட்டு ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒருதரம் என்று சொன்னார். இரண்டுதரம் என்று சொன்னபோது நான் எழுந்து நின்றேன்.

"அம்மா, மூணு தலைமுறை இல்ல. இதுல உட்கார்ந்த ராஜா நான் ஒருத்திதான்" என்றேன்.

கூடம் சிரித்தது. பாலீஷ்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். இவர் யாரோ மனநிலை சரியில்லாதவர், வெளியே அனுப்புங்கள் என்று அவர் கத்தினார். ஏலம் கூறிய அம்மாள் சுத்தியலைத் தட்டி அமைதியாக்கிவிட்டு, இது உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். எல்லோரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். என்னை அதில் ஒருமுறை உட்கார விடுங்கள், அதுதான் ஆதாரம் என்றேன். அதற்கு அவர், காலையிலிருந்து ஊரே உட்கார்ந்தாகிவிட்டது, நீங்களும் உட்காருங்கள் என்றார்.

மேடை ஏறி உட்கார்ந்தேன். கை தானாகச் சிங்கத்தின் மேல் போனது. நாடகத்தில் சொல்வதைப் போலவே, பிடிக்க வந்தவர்களே, என் நிழலைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று உரக்கச் சொல்லி விசையை இழுத்தேன். பலகை திறக்கவில்லை. மறுபடி இழுத்தேன். அசையவில்லை. கூடத்தில் ஒருவர் விசில் அடித்தார். பாலீஷ்காரர் கைதட்டி, நாடகம் முடிந்தது, இறங்குங்கள் என்றார்.

அப்போது என் நாத்தனார் மேடை ஏறி வந்தார். குனிந்து இருக்கையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "அண்ணி, பலகையையும் சட்டத்தையும் சேர்த்து ஆணி அடிச்சிருக்கான். இது கதவுன்னே அவனுக்குத் தெரியல" என்று சொல்லி, இடுப்பிலிருந்து தையல் கத்தரிக்கோலை எடுத்தார். பாலீஷ்காரர் மேடைக்கு ஓடிவந்து, விலை மதிப்பில்லாத பொருளைச் சேதப்படுத்துகிறார்கள் என்று கத்தினார். துணி கிழிந்தால் யார் பொறுப்பு என்று ஏலம் கூறிய அம்மாள் கேட்டார். ஹோட்டல் முதலாளி எழுந்து, "நான் பொறுப்பும்மா, கிழிக்கட்டும். இதுல என்னமோ இருக்கு" என்றார்.

பாலீஷ்காரர் என் நாத்தனாரின் கையைப் பிடிக்கப் போனார்.

"தள்ளி நில்லுய்யா! எங்க அண்ணன் செஞ்ச நாற்காலி இது. இதுல எங்க ஆணி அடிக்கணும், எங்க அடிக்கக் கூடாதுன்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா? தையல் நல்லா இருக்குன்னு சொன்னியே, பிரிக்கிறதும் எப்படி இருக்குன்னு பாரு!" என்று என் நாத்தனார் போட்ட சத்தத்தில் வாசலில் இருந்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். பல வாரங்களுக்குப் பிறகு அவருடைய அந்தக் குரலைக் கேட்டேன். எனக்குப் பாதி ஜெயித்தது போல் ஆகிவிட்டது.

அவர் வெல்வெட்டைச் சுற்றிலும் கிழித்து, ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். வெல்வெட்டைக் கிழித்தது உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு மறுபடி உட்கார்ந்து, கிரீடத்துக்குப் பதிலாக என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதே வசனத்தைச் சொல்லி விசையை இழுத்தேன்.

பலகை திறந்தது. இறங்கினேன். கண்ணாடியைப் பலகை மேல் விட்டதும் அது மேலே போய் மூடிக்கொண்டது.

உள்ளே இருட்டு. என் முழங்கால் வலிக்கக் கூடாது என்று என் கணவர் உள்ளே பழைய போர்வையை மடித்துப் போட்டு வைத்திருந்தார். அது அப்படியே இருந்தது. அதன் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. அதற்குள் வெளியே கைதட்டல் ஆரம்பித்து, பலகை அதிர்கிற அளவுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு பீடத்தின் பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். எல்லோரும் காலி இருக்கையில் கிடந்த மூக்குக்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலீஷ்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, தோளை ஒரு விரலால் தொட்டேன்.

அவரை நான் தாக்கியதாகக் கொடுத்திருக்கும் புகார் பற்றிக் கேட்டதற்கு: தொட்டது உண்மை. அவர் அலறிக்கொண்டு மேடையிலிருந்து குதித்து நாற்காலி வரிசையில் விழுந்தது அவராகச் செய்தது. கூடம் முழுவதும் அதற்குச் சாட்சி.

ஏலம் கூறிய அம்மாள் மேடைக்கு வந்து பீடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே இருந்த போர்வை, என் துண்டு, தலைவலித் தைலப் பாட்டில் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து எல்லோருக்கும் காட்டினார். இது எந்தத் தலைமுறை ராஜாவின் தைலம் என்று பாலீஷ்காரரைக் கேட்டார். உன் கணவரிடம் காசு கொடுத்து வாங்கினேன் என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். எப்போது என்று என் நாத்தனார் கேட்டார். போன கோடையில் என்றார். என் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது என்று நான் சொன்னேன். ஏலம் கூறிய அம்மாள் சுத்தியலை ஓங்கித் தட்டி, இந்தப் பொருள் ஏலத்திலிருந்து நீக்கப்படுகிறது என்று அறிவித்து, வாசல் கதவை மூடச் சொன்னார்.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பின்வரிசையில் இருந்த ஆசிரியை ஒருவர் எழுந்து, சுவரில் இருந்த பெண்டுலக் கடிகாரத்தைக் காட்டி, "அது எங்க பள்ளிக்கூடத்துக் கடிகாரம். ரிப்பேர் பண்ணித் தர்றேன்னு இவர்தான் வாங்கிட்டுப் போனார்" என்றார். காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகவும், எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். இன்னொரு பெண் நிலைக்கண்ணாடி ஒன்றின் பக்கம் போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அது அவருடைய மாமியார் கொடுத்ததாம். புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு தம்பதி பீங்கான் பொம்மைகளை அடையாளம் காட்டினார்கள். அப்படியே ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

ஹோட்டல் முதலாளி என்னிடம் வந்து, இப்போதும் வாங்கிக்கொள்கிறேன், முன்பு கேட்டதைவிட அதிகம் தருகிறேன் என்றார். விற்பதற்கு இல்லை, பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமை கொட்டகைக்கு வாருங்கள் என்றேன். குடும்பத்தோடு வருவதாகச் சொன்னார். அவரும் ஏலம் கேட்ட மற்றவர்களும் சேர்ந்து சிம்மாசனத்தைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தெரு நெடுக ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், யார் போகிறார்கள் என்று தெரியாமலே சிலர் கும்பிட்டார்கள். அப்படித்தான் இந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தோம்.

எல்லாப் பொருளையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், வழக்கு வேண்டாம், சமாதானமாகப் போய்விடலாம் என்று அடுத்த அறையில் இருக்கும் பாலீஷ்காரர் சற்று முன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். நான் சம்மதிக்கவில்லை. வழக்கு நடக்க வேண்டும். சிம்மாசனத்தை வழக்குச் சொத்தாக இங்கே வைத்திருக்க வேண்டியிருந்தால், சனிக்கிழமை நாடகத்துக்கு மட்டும் நீதிமன்ற அனுமதியோடு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவர எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். காவலர்கள் துணைக்கு வந்தால் முன்வரிசையில் இடம் போடுகிறோம். படைத்தலைவனின் ஆட்களாக மேடையில் நிற்க விரும்பினாலும் ஆட்சேபம் இல்லை.

எனக்கு அடுத்து ஆசிரியையும் மற்றவர்களும் வாக்குமூலம் கொடுக்க வராந்தாவில் காத்திருக்கிறார்கள். பெஞ்சு போதவில்லை. என் நாத்தனார் சிம்மாசனத்தில் உட்கார்ந்து, யார் முதலில் போவது என்று அவர்களுக்கு வரிசை சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

மேலே கண்டவை யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் நான் நேரில் கண்டதும் செய்ததும் ஆகும். எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கேட்டேன். சரியாக இருக்கிறது, ஒரு வரியையும் அடிக்க வேண்டாம்.

(ஒப்பம், இடது கையால்)
ராஜாம்மா