பழக்கூடைக்காரியின் முகம்

பழைய சுவரோவியங்களைப் பேணும் எங்கள் பட்டறையில் இருபத்தேழு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெறும் திருமதி சுகந்தி அவர்களுக்கு

இந்தக் காலத்தில் பாராட்டு மடலைக் கைபேசியே எழுதிக் கொடுக்கிறது. பெயரை மாற்றினால் போதும், வாத்தியாருக்கும் அதுதான், சாரதிக்கும் அதுதான். அலுவலகத்துக் கிருசிகா கொண்டுவந்ததில் உங்களைச் "சொற்பெருக்கின் சிகரமே" என்று போட்டிருந்தது. ஒரு நாளைக்கு நாலு சொல் கதைக்காத ஆள் நீங்கள். அதைத் தள்ளிவிட்டு, ஐந்தாம் வகுப்போடு நின்ற நானே எழுதுகிறேன்.

சுண்ணச் சுவருக்குச் சுவாசம் தந்த சுகந்தி அவர்களே!

சுவிஸின் லுசேர்ன் பழைய நகரில் ஊர் பார்க்க வருபவர்கள் அண்ணாந்து படமெடுக்கும் முகப்புகளில், கழன்ற பூச்சின் பின்னால் ஊசியால் சுண்ணாம்புக் குழம்பு ஏற்றி, அழிந்த இடங்களை மயிரிழைக் கோடுகளால் நிரப்பினீர்கள். தூரத்தில் நின்றால் முழு முகம். கிட்டப் போனால் கோடு மட்டும். ஏன் இந்தக் கஞ்சத்தனம், இழுத்துப் பூசிவிடுங்கள் என்று, நீங்கள் ஏறி நிற்கச் சாரம் கட்டிய நான் சிரித்தேன்.

"பழசு எது, நான் கீறினது எதெண்டு பிறகு வாறவனுக்குத் தெரியவேணும், ராசா அண்ணை. இல்லாட்டி அது கள்ளம்" என்றீர்கள்.

கள்ளமறியாக் கைகளுக்கு உரியவரே!

ஆறு வருடத்துக்கு முன், பெந்தெகொஸ்தே திருநாளின் மூன்று நாள் விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை. ஓவியத்தில் பழக்கூடை ஏந்திய பெண்ணின் முகத்துக்குப் பின்னால் குழம்பு ஏற்றி முடித்திருந்தீர்கள். சுவர் ஈரம். மூடுசீலையை மேலும் கீழும் ஒரு சாண் திறந்து விடச் சொல்லிவிட்டுப் போனீர்கள். மழை வராது என்று வானொலி சொன்னது. வானொலியை நான் எந்தக் காலத்தில் நம்பினேன்? காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டினேன். மூன்று நாள் வெயிலில் சுவர் உள்ளே அவிந்தது. செவ்வாய்க்கிழமை திறந்தபோது நானூறு வருடத்து முகம் தோலாய் உரிந்து சாரப் பலகையில் கிடந்தது.

பொறுப்பாளர் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. "இறுக்கி மூடச் சொன்னது நான்தான்" என்றீர்கள் நீங்கள். அதன்பிறகு ஒரு முகத்தையும் உங்களை நம்பித் தரவில்லை. ஆறு வருடமும் யன்னலோரக் கொடியும் பூவும்தான். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒருமுறை படியில் மறித்துக் கேட்டேன்.

"உங்களெண்டா வேலையால அனுப்பிப்போடுவினம். என்னை அனுப்பமாட்டினம்."

சபையோரே, இறுக்கிக் கட்டியது நான். பொறுப்பாளருக்கும் விளங்கட்டும் என்று இவ்விடத்தைக் கிருசிகா ஜெர்மனிலும் வாசிப்பார். நான் ஓய்வூதியம் எடுத்து இரண்டு வருடமாகிறது. இனி என்னை அனுப்ப இடமில்லை என்றான பிறகே சொல்கிறேன். இதை யாரும் துணிவு என்று எண்ண வேண்டாம்.

"இப்ப சொல்லி என்ன, அண்ணை? சுகந்தி அக்கா நாளைக்கு வேலைக்கு வரப்போறாவோ?" என்று, இதை எழுதும்போது கிருசிகா கேட்டார். பிறகு மனம் பொறுக்காமல், சொன்னால் நெஞ்சு ஆறும் என்றும் சொன்னார்.

தங்கச்சி, உங்கள் கண் தெளிந்திருக்கட்டும்; விரல் நடுங்காதிருக்கட்டும்; முழங்காலுக்கு இனி ஏணி வேண்டாம். நோயில்லாமல் நெடுங்காலம் இருங்கள். இந்த மடலுக்குப் பொன்நிறச் சட்டம் போட்டிருக்கிறார்கள். மாட்ட மனமில்லையென்றால் விடுங்கள்.

சொன்னால் நெஞ்சு ஆறுமாம். எனக்கு நம்பிக்கையில்லை. கேக் வெட்டும்வரை நிற்காமல் எம்மன்புரூக்கே போகும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறேன்.

பட்டறைப் பணியாளர் அனைவருக்குமாக,
சாரம் கட்டிய ராசா