சுவரை ஒட்டிய முதல் கட்டம்

ஆறிப்போன சோறு எனக்கும் பிடிக்காது. அதனால் நஞ்சன்கூடு தொழிற்சாலையில், கொதிகலனுக்குப் போகும் உயர் அழுத்த வெந்நீர்க் குழாயின் வளைவில் மேலுறையைக் கிழித்துவிட்டுத் தொழிலாளர்கள் சாப்பாட்டுப் போசிகளைச் சூடாக்குவதைப் பார்த்தபோது நான் குறை சொல்லவில்லை. அளவெடுக்கப் போன என்னையும் ஆபரேட்டர் சென்னப்பன் உட்காரச் சொன்னார். ஹனூர்ப் பக்கத்துத் தமிழர்.

"வாங்க சார், நம்மூட்டுச் சோறுங்க. கேன்டீன் சாம்பாரத் தின்னா நாக்கே மரத்துப்போயிரும்."

மைசூரு ஹெப்பாளில் எங்கள் அலுவலகம். குழாய்க்குள் நீர் எப்படி ஓடுகிறது என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வது என் வேலை. குழாயின் உட்புறத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்போம். உட்சுவரை ஒட்டிய முதல் கட்டம் தலைமுடியை விட மெல்லியதாக இருக்க வேண்டும்; நீர் இரும்பை அரிப்பது அங்கேதான். நஞ்சன்கூடு வளைவுக்கு நான் அதைத் தடிமனாக வைத்தேன். சுவரருகே நடப்பதை ஒரு சூத்திரத்தால் நிரப்பிக்கொள்ளலாம். வேலை சீக்கிரம் முடியும். வளைவு பதினைந்து ஆண்டு தாங்கும் என்று அறிக்கை போனது. கையெழுத்து என்னுடையது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணினி சும்மா இருந்ததால், மெல்லிய கட்டங்களோடு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பதினான்கு மாதம் என்று வந்தது.

உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அது சரி என்று எப்படித் தெரியும்? நிஜக் குழாயோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எங்கள் துறையில் எளிதில் கிடைப்பதில்லை. நாட்காட்டியில் ஒரு தேதியை வட்டமிட்டு வைத்தேன்.

பதின்மூன்றாம் மாதம் சென்னப்பன் போன் செய்தார். "சார், வளைவுல போசி வெச்சா அதிருதுங்க. நாளைக்கு ஷட்டவுன். தடிமன் அளந்து பாத்துறலாமான்னு மேனேஜர் கேக்கறாரு. நீங்க சொன்னாச் செஞ்சுபோடுவாரு."

அளந்தால் குழாயை மாற்றிவிடுவார்கள்.

"வேண்டாங்க. பதினஞ்சு வருஷம்னு ரிப்போர்ட்லயே இருக்கே."

"அப்பச் சரிங்க. என்ற போசிக்கு இன்னும் பதினஞ்சு வருசத்துக்கு அடுப்பு இருக்குது." சிரித்தார். நானும் சிரித்தேன்.

வட்டமிட்ட தேதிக்குப் பதினோரு நாள் முன்னதாக, மதியம் ஒரு மணிக்கு, வளைவு வெடித்தது. போசி எடுக்கப் போயிருந்த மூன்று பேர். இருவர் அங்கேயே. சென்னப்பன் இரண்டு நாள் இருந்தார். மருத்துவமனைக்குப் போனேன். அவர் மனைவி தேவம்மா குனிந்து, "கண்ணத் தொறங்க, மைசூர் சார் வந்திருக்காருங்க" என்று அவரிடம் சொன்னார்.

தெரிந்துதான் செய்தேன், இன்ஸ்பெக்டர். எதையும் மறைக்கவில்லை. ஆனால் கொலை என்று எழுத வேண்டாம். சென்னப்பனை எனக்குப் பிடிக்கும், யார் மீதும் எனக்குப் பகை கிடையாது. ஒரே ஒரு வேண்டுகோள். கிழிந்த வளைவு உங்கள் ஸ்டேஷனில் இருக்கிறது. என் இரண்டாவது கணக்குப்படி, கிழிசலின் ஓரத்தில் இரும்பு ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். யாரையாவது விட்டு அளந்து சொல்ல முடியுமா?